பயத்தால் எழுதப்படும் கேஸ் ஷீட்

தமிழ்நாட்டில் பிரசவத்தில் தாய்மார் இறப்பது குறைந்திருக்கிறது என்று புள்ளிவிவரம் வரும்போதெல்லாம் பாராட்டோடு ஒரு விளக்கமும் சேர்ந்தே வருகிறது. ஒவ்வொரு மரணத்துக்கும் கலெக்டர் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும் என்ற பயம் இருந்ததால்தான் டாக்டர்களும் நர்சுகளும் ஒழுங்காக வேலை பார்த்தார்கள், அந்தப் பயம் போனால் எல்லாம் போய்விடும் என்பது அந்த விளக்கம். ஓய்வுபெற்ற அதிகாரிகள் மேடையில் இதைச் சொல்கிறார்கள். மருத்துவமனை நிர்வாகம் பற்றி வகுப்பெடுப்பவர்கள் ‘பொறுப்புக்கூறல்’ என்று இதற்கு மரியாதையான பெயர் வைத்திருக்கிறார்கள். பிரசவ அறைக்கான ‘லக்‌ஷ்யா’ சான்றிதழைச் சுவரில் மாட்டியிருக்கும் ஆஸ்பத்திரிகளிலும் இதே பேச்சுதான். இந்த விளக்கம் தவறு. தவறு என்பதோடு நில்லாமல், நாம் கொண்டாடும் நடைமுறையின் உயிரையே அது எடுத்துக்கொண்டிருக்கிறது என்பது என் நெடுநாளைய எண்ணம்.

மகப்பேறு இறப்புத் தணிக்கை, ஆஸ்பத்திரிப் பேச்சில் ‘டெத் ஆடிட்’, தமிழ்நாட்டில் 1990களிலேயே தொடங்கிவிட்டது. நாடு முழுவதற்குமான வழிகாட்டு நெறி 2010இல்தான் வந்தது. நாம் முன்னோடிகள், சந்தேகமில்லை. இறந்தவர்களை எண்ணத் தொடங்கியதால்தான் எங்கே ரத்தம் கிடைக்கவில்லை, எங்கே வண்டி கிடைக்கவில்லை என்பது தெரிந்தது. இரவு பகலாக இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களும், அவசரப் பிரசவம் பார்க்கும் ‘சீமாங்க்’ மையங்களும், 2008இல் வந்த 108 ஆம்புலன்சும் அந்தக் கணக்குக்குக் கடன்பட்டவை. 2001–03இல் லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார் இறந்த மாநிலத்தில் 2018–20இல் 54 பேர் இறந்தார்கள். இதைச் செய்தவர்களை வணங்கலாம். எண்ணியதால் வந்த நன்மை வேறு, மிரட்டியதால் வந்த விளைவு வேறு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதக்கூடாது.

ஆடிட் நடக்கும் அறையைப் பாருங்கள். நடுவில் மாவட்ட ஆட்சியர். ஒரு பக்கம் சுகாதாரத் துறையின் மாவட்ட அலுவலர், இன்னொரு பக்கம் நலப்பணிகள் இணை இயக்குநர், எதிரே மருத்துவக் கல்லூரியின் மகப்பேறு பிரிவினர். ஓரத்தில், கையில் தடித்த பதிவேட்டோடு கிராம சுகாதார செவிலியர். இறந்த பெண்ணின் கணவனையோ தாயையோ அழைத்து அவர்கள் வாயால் நடந்ததைக் கேட்க வேண்டும் என்று விதி சொல்கிறது. யாரையும் குற்றம் சாட்டுவதற்காக அல்ல, கற்றுக்கொள்வதற்காகவே இந்த ஆய்வு என்றும் அதே விதிதான் சொல்கிறது. ஆனால் தண்டிக்கும் அதிகாரம் கொண்டவர் நடுவில் உட்கார்ந்து கேள்வி கேட்கும் அறையில் கற்றல் நடக்காது. அங்கே நடப்பது விசாரணை. அறையை விட்டு வெளியே வரும்போது கையில் மெமோ இருக்குமா, 17(பி) குற்றக் குறிப்பாணை வருமா, இடமாறுதல் வருமா என்ற ஒரே யோசனையோடு உட்கார்ந்திருப்பவர், தான் செய்த தவறைத் தானே எடுத்துச் சொல்வார் என்று எதிர்பார்ப்பது மனித இயல்பை அறியாத நிர்வாகம்.

பயம் எங்கே போய்ச் சேர்கிறது? கேஸ் ஷீட்டில்.

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்று வைத்துக்கொள்வோம். இரவு இரண்டு மணி. குழந்தை பிறந்துவிட்டது, நஞ்சுக்கொடியும் வந்துவிட்டது, ரத்தம் மட்டும் நிற்கவில்லை. பணியில் ஒரே ஒரு ஸ்டாஃப் நர்ஸ். பிரசவத்துக்குப் பின் 500 மில்லிக்கு மேல் ரத்தம் போனால் ஆபத்து என்பது பாடம். போன ரத்தத்தை அளப்பது எப்படி? பெரும்பாலும் கண்ணால் பார்த்து மதிப்பிடுவதுதான். கண் வழக்கமாகக் குறைத்தே மதிப்பிடும் என்பது பல நாட்டு ஆய்வுகளிலும் தெரிந்த விஷயம். கர்நாடகத்தின் பெல்காமில் மருத்துவர்கள் அளவுக்கோடு போட்ட பையோடு ஒரு பிளாஸ்டிக் விரிப்பை உருவாக்கினார்கள். பெண்ணின் இடுப்புக்குக் கீழே விரித்தால், எத்தனை மில்லி போயிருக்கிறது என்று பையைப் பார்த்தே சொல்லிவிடலாம். 2023இல் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 ஆஸ்பத்திரிகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வு, இத்தகைய விரிப்பால் ரத்தத்தை அளந்து உடனடியாக எல்லாச் சிகிச்சைகளையும் ஒருசேரக் கொடுத்தால் கடுமையான ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைகின்றன என்று காட்டியது. அதாவது, போன ரத்தத்தின் உண்மையான அளவு தெரிவதுதான் சிகிச்சையின் முதல் படி.

இப்போது அந்த நர்சின் நிலைக்கு வாருங்கள். அவரிடம் அந்த விரிப்பு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பையில் 900 மில்லி இருக்கிறது. 900 என்று எழுதினால் நாளைக்கு முதல் கேள்வி, “500லேயே ஏன் மேலே அனுப்பவில்லை?” 300 என்று எழுதினால் கேள்வியே இல்லை. ரத்தப்போக்கு ஆம்புலன்சில்தான் தொடங்கியது என்று ஆகிவிடும், அல்லது அடுத்த ஆஸ்பத்திரியில். இந்த மாவட்டத்து நர்ஸ் ஒருவர் என்னிடம் சொன்னது: “உள்ளதை எழுதினா நம்மளத்தானே கேப்பாவ சார்.” அவர் பொய் சொல்ல ஆசைப்படுகிறவர் அல்ல. இரவெல்லாம் கால் கடுக்க நிற்கிறவர். உண்மையை எழுதுகிறவருக்குத் தண்டனையும் மழுப்புகிறவருக்கு நிம்மதியும் தருகிற ஏற்பாட்டில் அவர் வேறு என்ன செய்வார்? பிரசவ முன்னேற்றத்தை மணிக்கு மணி குறிக்க வேண்டிய பார்ட்டோகிராஃபைக் குழந்தை பிறந்தபின் உட்கார்ந்து ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் நிரப்புவதும் இப்படி வந்த பழக்கம்தான். அந்தத் தாளில் கோடுகள் எல்லாம் ஒழுங்காக இருக்கும். சான்றிதழ் தர வருகிறவர்களுக்கும் ஒழுங்கான தாள்தான் வேண்டும்.

ஆடிட்டின் ஒரே மூலப்பொருள் அந்தக் கேஸ் ஷீட். அது கெட்டுப்போனபின் ஆடிட் எதை ஆராய்கிறது? வருடக் கணக்காக நான் கேட்டுவரும் இந்தக் கேள்விக்குப் பதிலாக எனக்குக் கிடைத்ததெல்லாம், இன்னும் ஒரு படிவம், இன்னும் ஓர் ஆப், இன்னும் ஒரு வி.சி. (வீடியோ கான்ஃபரன்ஸ்) கூட்டம். கிராம சுகாதார செவிலியர்களின் பகல் பொழுதைக் கர்ப்பிணிகளின் விவரத்தை ஏற்றும் ‘பிக்மி’ இணையப் பதிவே தின்றுவிடுகிறது என்று அவர்கள் தெருவில் இறங்கிச் சொல்லியும் யாருக்கும் காது கேட்கவில்லை.

நம்முடைய அமைப்பு முறை இந்தக் கேட்டை இன்னும் கூட்டுகிறது. ஆரம்ப சுகாதார நிலையம் பொதுச் சுகாதார இயக்குநரகத்தின் கீழ். தக்கலையில் இருக்கும் பத்மநாபபுரம் ஆஸ்பத்திரி, குழித்துறை, குளச்சல் ஆஸ்பத்திரிகள் நலப்பணிகள் இயக்குநரகத்தின் கீழ். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ். மலையோரத்தில் வலி கண்ட ஒரு பெண், பேச்சிப்பாறையிலிருந்து குலசேகரம் வழியாக ஆசாரிபள்ளம் போய்ச் சேருவதற்குள் இந்த மூன்று ஆட்சிகளையும் கடந்துவிடக்கூடும். அவளுக்கு அது ஒரே பயணம், ஒரே வலி. ஆடிட் அறையில் மட்டும் அது மூன்று துண்டாகிறது. கீழே உள்ளவர், “நாங்கள் அனுப்பும்போது நன்றாக இருந்தாள்” என்பார். மேலே உள்ளவர், “எங்களிடம் வரும்போதே கைமீறிவிட்டது” என்பார். நடுவில் உள்ளவர் ரெஃபர் செய்த நேரத்தைக் காட்டித் தப்பிப்பார். 2023இல் மதுரையில் இப்படியொரு தணிக்கை, சுகாதார அதிகாரிக்கும் மகப்பேறு மருத்துவர்களுக்கும் இடையில் பகிரங்கச் சண்டையாகி, போராட்டம்வரை போனதை எல்லாரும் செய்தித்தாளில் படித்தோம். யார் சொன்னது சரி என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இறந்த பெண்கள் எதனால் இறந்தார்கள் என்ற கேள்வி அந்தச் சண்டையில் காணாமல் போனதுதான்.

எல்லாரும் தப்பித்தபின் மிச்சமிருப்பது யார்? அறையில் இல்லாதவள். தாய்மார் இறப்பில் மூன்று தாமதங்களைப் பார்க்க வேண்டும் என்று 1994இல் தாடியஸ், மெய்ன் என்ற இருவர் வகுத்தார்கள்: ஆஸ்பத்திரிக்குப் போக முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், போனபின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். இது நல்ல கருவி. பயந்த அறையிலோ இந்தக் கருவி எப்போதும் முதல் தாமதத்தையே நோக்கிச் சாயும். ‘காலதாமதமாக வந்தார்’, ‘அறிவுரையைக் கேட்கவில்லை’, ‘உறவினர் மறுத்தனர்’. மறுத்துப் பேச அவள் வரமாட்டாள். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்திலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம் இது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குத் தயங்காத, வேண்டுமானால் பஸ் பிடித்து எல்லை தாண்டித் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரிக்கே போய்விடுகிற பெண்கள் இங்குள்ளவர்கள். இவர்கள் அறியாமையால் இறந்தார்கள் என்று எழுதுவது எளிது. ஒரு நிர்வாகம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இறந்தவள்மேல் பழி போடுகிறது என்றால், அதை ஒழுக்கக்கேடு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. கணவனோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து, அதிகாரிகள் நடுவில் அழுதுகொண்டே நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறான். முடிவு என்ன என்று பெரும்பாலும் அவனிடம் யாரும் சொல்வதில்லை.

பயம் சிகிச்சையையும் மாற்றுகிறது. தன் கையில் சாகக்கூடாது என்பதே குறிக்கோளானால், சமாளிக்கக்கூடிய கேசும் மேலே போகும். ஆசாரிபள்ளத்தின் பிரசவ வார்டு நிரம்பும், உண்மையாகவே உயிருக்குப் போராடுகிறவளுக்குக் கிடைக்கும் கவனம் குறையும். அனுப்பியவரின் கேஸ் ஷீட் சுத்தமாக இருக்கும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரியின் பண ஆசையை இதற்குக் காரணம் காட்டலாம். ஆனால் அரசு ஆஸ்பத்திரிகளிலேயே 36 சதவீதம் என்று அதே ஆய்வு சொல்கிறதே, அங்கே பண ஆசை எங்கிருந்து வந்தது? காத்திருந்து பார்த்தால் கேள்வி வரும், அறுத்துவிட்டால் வராது என்ற கணக்கும் அதில் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். இன்றைய சிசேரியன் தழும்பு அடுத்த பிரசவத்தின் ரத்தப்போக்கு என்பது எந்த மகப்பேறு மருத்துவருக்கும் தெரியும்.

இன்னொன்று, மாவட்டங்களை வரிசைப்படுத்தும் விளையாட்டு. 20,000 பிரசவம் நடக்கும் ஒரு மாவட்டத்தில் 8 பேர் இறந்தால் விகிதம் 40. மறுவருடம் 11 பேர் இறந்தால் 55. இந்த மூன்று பேரின் வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. அதை வைத்து ஒரு மாவட்டத்துக்கு மேடையில் கேடயமும் இன்னொன்றுக்கு வி.சி.யில் வசவும் கொடுப்பது புள்ளியியலும் அல்ல, நிர்வாகமும் அல்ல.

பயம்தான் வேலை வாங்கும் என்பவர்கள் மற்ற இடங்களில் நடந்ததைப் பார்க்க வேண்டும். 1990களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க ஆஸ்பத்திரி வார்டுகளில் மருந்துத் தவறுகளை எண்ணினார். நல்ல தலைமை உள்ள வார்டுகளில் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. நல்ல வார்டில் அதிகத் தவறா என்று தோண்டியபோது தெரிந்தது, அங்கே தவறைத் திட்டு வாங்காமல் சொல்ல முடிந்தது, அதனால் சொன்னார்கள். மற்ற இடங்களில் மறைத்தார்கள். இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட் ஆஸ்பத்திரியில் 2005க்கும் 2009க்கும் இடையில் நோயாளிகள் தண்ணீர்கூடக் கிடைக்காமல் கிடந்தார்கள். அதே காலத்தில், 2008இல், அந்த நிர்வாகத்துக்கு உயர்ந்த தன்னாட்சித் தகுதி வழங்கப்பட்டது. 2013இல் வந்த ராபர்ட் பிரான்சிஸ் விசாரணை அறிக்கை, இலக்குகளையே பார்த்த நிர்வாகமும் வாய் திறக்கப் பயந்த ஊழியர்களும் சேர்ந்து உண்டாக்கிய நிலை அது என்று பக்கம் பக்கமாக எழுதியது. நம் சுவர்களில் தொங்கும் சான்றிதழ்களைப் பார்க்கும்போது எனக்கு ஸ்டாஃபர்ட் நினைவுக்கு வருகிறது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக்குள் போனால் போதும். 1956 நவம்பர் 1 வரை குமரியும் சேர்ந்திருந்த திருவிதாங்கூர்-கொச்சி மண்தான் அது. அங்கே மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு, அரசின் ஒப்புதலோடு 2004இல் ரகசிய மரண ஆய்வைத் தொடங்கியது. 1952 முதல் இங்கிலாந்தில் நடப்பதன் வழியில் அமைந்தது அது. கேஸ் ஷீட்டிலிருந்து பெண்ணின் பெயர், டாக்டரின் பெயர், ஆஸ்பத்திரியின் பெயர் எல்லாம் நீக்கப்படும். மூத்த மருத்துவர்கள் அதைப் படித்து, எங்கே வேறு மாதிரிச் செய்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று மட்டும் பார்ப்பார்கள். யாருக்கும் மெமோ இல்லை. தெரிந்ததைத் தொகுத்து, தாய்மார் ஏன் இறக்கிறார்கள் என்று அறிக்கையாக வெளியிட்டார்கள். ரத்தப்போக்குதான் முதல் எதிரி என்று அதில் தெரிந்ததும், அதற்கான தர நெறிகளை பிரிட்டனின் ‘நைஸ்’ நிறுவனத்தோடு சேர்ந்து வகுத்தார்கள், பயிற்சிகள் நடத்தினார்கள். அந்த ஆய்வை முன்னின்று நடத்திய டாக்டர் வி.பி. பைலி, ரத்தக்குழாயைப் பிடித்து நிறுத்தும் கிளாம்ப் கருவிகளையே வடிவமைத்தார். ஒரு மரணத்திலிருந்து ஒரு கருவி பிறக்க வேண்டுமானால், அந்த மரணத்தைப் பற்றி உண்மை பேச முடிந்திருக்க வேண்டும். நம் ஆடிட் அறைகளிலிருந்து பிறந்தவை சுற்றறிக்கைகள்.

2001–03இல் கேரளத்தின் விகிதம் 110, நம்முடையது 134. பெரிய இடைவெளி இல்லை. 2018–20இல் அவர்களுடையது 19, நம்முடையது 54. இந்த வித்தியாசம் முழுவதும் ஆய்வு முறையால் வந்ததல்ல, வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பயம் இல்லாவிட்டால் மரணம் கூடும் என்று சொல்கிறவர்களுக்கு இந்த எண்கள் போதுமான பதில். பயமில்லாத ஆய்வை நடத்திய இடத்தில் மரணம் கூடவில்லை, நம்மைவிட வேகமாகக் குறைந்தது.

குற்றத்தை ஒப்புக்கொள்ளும் மருத்துவப் பண்பாடு இந்த மண்ணுக்கு அன்னியமானதும் அல்ல. 1922 ஜூன் 7 அன்று எவரெஸ்டில் பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் இறந்தார்கள். அந்தக் குழுவில் இருந்த அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல், அதற்குப்பின் குமரியின் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே உழைத்தார். அந்த மரணங்களைப் பற்றிய குற்ற உணர்வை அவர் பின்னாளில் தன் நூலில் மறைக்காமல் எழுதினார். யாரும் அவருக்குக் குற்றக் குறிப்பாணை கொடுத்து எழுத வைக்கவில்லை.

அப்படியானால் கவனக்குறைவால் கொன்றவரை விட்டுவிடுவதா என்று கேட்பார்கள். குடித்துவிட்டு வந்தவரை, பணி நேரத்தில் சொந்த கிளினிக்கில் இருந்தவரை, பணம் கேட்டுத் தாமதித்தவரைத் தண்டியுங்கள். அதற்குத் துறை விசாரணை இருக்கிறது, மருத்துவக் கவுன்சில் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. மருத்துவர்மீது எப்போது குற்ற வழக்குப் போடலாம் என்று 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தும் சொல்லியிருக்கிறது. அந்த வேலையை அங்கே செய்யுங்கள். தண்டனை அறையும் கற்றல் அறையும் ஒன்றாக இருக்கும்வரை இரண்டும் நடக்காது. இன்றைக்கு நடப்பதும் அதுதான்: பெரிய தவறு செய்தவர் ஆள்பிடித்துத் தப்பிக்கிறார், கடைசி நாற்காலியில் இருக்கும் செவிலியருக்கு மெமோ போகிறது.

எனவே ஆட்சியர் அந்த அறையிலிருந்து எழுந்து போக வேண்டும். சாலை, வண்டி, ரத்த வங்கி, காலிப் பணியிடம் என்று அவரால் மட்டுமே ஆகக்கூடிய காரியங்களின் பட்டியலை வாங்கிக்கொள்ள அவர் திரும்பி வரட்டும். பெயர் நீக்கிய கேஸ் ஷீட்டுகளை வெளி மாவட்டத்து மூத்த மகப்பேறு மருத்துவர்களும், மூத்த செவிலியர் ஒருவரும், மயக்க மருந்து நிபுணர் ஒருவரும் படிக்கட்டும். மரணம் நடந்த ஆஸ்பத்திரியே குடும்பத்தை அழைத்து, நடந்ததைத் தமிழில், புரியும்படி, உட்கார வைத்துச் சொல்லட்டும். ஆண்டுக்கொருமுறை அறிக்கை பொதுவில் வரட்டும்.

இதைச் சோதித்துப் பார்க்கக் குமரியைவிடப் பொருத்தமான மாவட்டம் தமிழ்நாட்டில் இல்லை. சிறிய மாவட்டம், ஓர் அரசு மருத்துவக் கல்லூரி, நூறாண்டு கடந்த மிஷன் ஆஸ்பத்திரிகள், ஏராளமான தனியார் பிரசவ விடுதிகள், எல்லைக்கு அப்பால் இருபதாண்டு அனுபவமுள்ள ஓர் ஆய்வுக் குழு. சுகாதாரத் துறைச் செயலர் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் இதற்கு அனுமதி தரட்டும். ஆய்வுக்குக் கொடுத்த வாக்குமூலத்தை வைத்து யாருக்கும் 17(பி) கொடுக்கக்கூடாது என்ற ஒரு வரியோடு அரசாணை வேண்டும். புதிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.